துரையும் பெரியம்மாவும்: பொலிக்குதிரை பற்றிக் கேட்டவருக்கு

கேள்வி

இரண்டு வயது ஆண்குட்டி ஒன்று வைத்திருக்கிறேன். வார்ம்பிளட் இனம், ஐரோப்பியச் சவாரிப் போட்டிக் குதிரை. நடை நன்றாக இருக்கிறது. பார்க்கிறவர்கள் எல்லாம் "காயடிக்காதே, பொலிக்கு விடு" என்கிறார்கள். ட்ரெஸ்ஸாஜில் (குதிரையின் நடையையும் அசைவுகளையும் மதிப்பிடும் சவாரிப் போட்டி) பெரிய குதிரைகள் எல்லாம் பொலிக்குதிரைகள்தானே? அப்படி ஒன்றை கடைசிவரை வைத்துப் பராமரித்தவர்கள் யாராவது இருந்தால் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

பிப்ரவரி 2, இரவு

அந்த "எல்லாம்" என்பதை முதலில் ஒதுக்கிவிடலாம். ஒலிம்பிக் தனிநபர் தங்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 1984இல் ரைனர் கிளிம்கேயின் ஆலரிஷ். 1988, 1992 இரண்டிலும் நிக்கோல் உப்ஹோஃபின் ரெம்பிராண்ட். 1996இல் இசபெல் வெர்த்தின் கிகோலோ. 2000இல் ஆன்கி வான் க்ருன்ஸ்வென் பான்ஃபயரில், 2004, 2008இல் அவரே சாலினெரோவில். 2012, 2016இல் ஷார்லட் டுஜார்டினின் வலேக்ரோ. அத்தனையும் காயடித்தவை. அப்புறம் டோக்கியோவிலும் பாரிஸிலும் ஜெசிக்கா ஃபான் பிரெடோவ்-வெர்ண்டலின் டலேரா. அவள் பெண். பொலிக்குதிரை வாங்கிய தங்கம் என்றால் எனக்கு நினைவுக்கு வருவது 1972 மியூனிக், லீசலோட் லின்சன்ஹோஃபின் பியாஃப்.

பொலிக்குதிரை வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. நான் ஒரு குடும்பப் பண்ணையில் லாயத்தில் வேலை பார்த்தவன். அங்கே ஒரு பொலிக்குதிரை இருந்தான். அவனுடைய நல்ல காலத்தையும் பார்த்தேன், கடைசி இரவையும் பார்த்தேன். பதிவுப் பெயரைப் போட மாட்டேன். போட்டால் பண்ணை தெரிந்துவிடும், அந்தக் குடும்பத்துக்குத் தொந்தரவு. லாயத்தில் அவனுக்குத் துரை என்று பெயர். கதவைத் திறக்க ஒரு நிமிடம் தாமதமானால் முகத்தை வைத்துக்கொள்வானே, அதற்காக நான் வைத்த பெயர். தமிழ் தெரியாதவர்கள் வாயிலும் ஒட்டிக்கொண்டது.

மீதியை நாளைக்கு எழுதுகிறேன்.

பிப்ரவரி 3

துரை முழுக் கறுப்பு இல்லை. வெயிலில் நின்றால் வயிற்றோரம் பழுப்பு அடிக்கும். நெற்றியில் ஒரு பொட்டு, பின்னங்கால் ஒன்றில் மட்டும் வெள்ளை. ட்ரெஸ்ஸாஜின் உச்ச நிலையான கிராண்ட் ப்ரீ வரை போனவன். உலகப் புகழ் எல்லாம் கிடையாது. சுற்றுவட்டப் போட்டிகளில் பட்டியலில் அவன் பெயரைப் பார்த்தால் மற்றவர்கள் இரண்டாம் இடத்துக்குத் திட்டம் போடுவார்கள், அவ்வளவுதான்.

பியாஃப், அதாவது கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே தாளமாகக் கால் தூக்கி வைக்கும் அசைவு, அவனுக்குப் பிறவியிலேயே வந்தது என்று ஊரில் பேச்சு. களத்துக்குள் கேட்டால் முதல் இரண்டு மூன்று அடியைச் சோம்பலாகத்தான் வைப்பான். அதே ஆள் பொலி எடுக்கும் கொட்டகைக்குப் போகும் வழியில், யாரும் கேட்காமலேயே, முதுகை உயர்த்தி, பின்பகுதியைத் தாழ்த்தி, பத்துக்குப் பத்து போடக்கூடிய பியாஃப் ஆடிக்கொண்டு போவான். நடுவர்களின் நாற்காலியை அங்கே கொண்டுபோய்ப் போட வேண்டும் என்று அந்த வீட்டு மகன் சொல்வார்.

இரண்டு வேலைக்கும் இரண்டு தலைக்கட்டு. சவாரி என்றால் கடிவாளம். பொலி என்றால் பித்தளைக் கொக்கி வைத்த ஒரு பழைய தோல் தலைக்கட்டு, மூக்கின் மேல் சங்கிலி. கொக்கியின் சத்தம் கேட்டாலே லாயம் அதிரக் கனைப்பான். கடிவாளத்தைக் காட்டினால் ஒரு பெருமூச்சு. பொலிக்குதிரை வைத்திருப்பவர்கள் இதைச் சிறு விஷயம் என்று நினைக்கக் கூடாது. இரண்டையும் கலந்துவிட்டால், போட்டியன்று பக்கத்தில் ஒரு பெண்குதிரை போகும்போது தனக்கு இப்போது என்ன வேலை என்று அதற்கே தெரியாது. துரைக்குத் தெரியும். கடிவாளம் ஏறிய பிறகு பருவத்துக்கு வந்த குதிரையே பக்கத்தில் நின்றாலும் அவன் காது மட்டும்தான் அந்தப் பக்கம் போகும். ஒரு காதுதான், அதுவும்.

பிப்ரவரி 3, பிற்பகல்

அந்தப் பழக்கம் பெரியம்மா போட்டது. இப்போது அவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

பண்ணை அவருடையது. பத்திரத்தில் யார் பெயர் இருந்ததோ எனக்குத் தெரியாது, ஆனால் கதவுக்கு எந்தப் பக்கம் கீல் வைப்பது என்பது வரை அவரைக் கேட்டுத்தான் நடக்கும். மகன் சவாரி செய்வார், மருமகள் கணக்குப் பார்ப்பார், பேத்தி பள்ளி விட்டதும் நேராக லாயத்துக்கு வருவாள். நான் போன காலத்தில் பெரியம்மா சவாரியை விட்டிருந்தார், இடுப்பு ஒத்துழைக்கவில்லை. நடப்பதற்குக் கைத்தடி வைத்திருந்தார். அதை நடக்கப் பயன்படுத்தியதை விட, எதையாவது சுட்டிக்காட்டப் பயன்படுத்தியதுதான் அதிகம்.

தினமும் ராத்திரி படுக்கப் போகுமுன் ஒரு சுற்று வருவார். எவ்வளவு குளிரானாலும் கையுறையைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு குதிரையின் காலிலும் முழங்காலிலிருந்து கீழே வெறுங்கையை இறக்குவார். தசைநார் எங்காவது சூடாக இருக்கிறதா, கணுவில் நீர் கோத்திருக்கிறதா என்று. துரையின் முன் இடது காலில் மட்டும் கை சற்று அதிக நேரம் நிற்கும். பழைய காயம் ஒன்று அங்கே இருந்தது. வெளியே பார்த்தால் தெரியாது.

அப்புறம் என்னைப் பார்த்து, "இன்றைக்கு எத்தனை?" என்பார். அங்கே இருந்த காலம் முழுக்க அவர் என்னிடம் அதிகமாகக் கேட்ட கேள்வி அதுதான். லத்தி எத்தனை தடவை போட்டான் என்று கேட்கிறார். நல்ல உடம்போடு இருக்கும் குதிரை நாளைக்கு எட்டு முதல் பன்னிரண்டு தடவை போடும். குறைந்தால் குடலில் ஏதோ நடக்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள் "எண்ணவில்லையே அம்மா" என்றேன். ஒன்றும் சொல்லவில்லை. கைத்தடியால் தள்ளுவண்டியைக் காட்டினார். நான் அள்ளிக் கொட்டியதை மறுபடி கிளறி எண்ணினேன்.

பிப்ரவரி 5

இரண்டு பேர் இரண்டு விஷயம் கேட்டிருக்கிறார்கள்.

ஒன்று, பொலிக்குதிரையைத் தனியாகப் பூட்டிவைப்பது கொடுமை இல்லையா? கொடுமைதான். குதிரை கூட்டமாக வாழ வேண்டிய பிராணி, ஆணும் அப்படித்தான். காட்டில் பெட்டைகள் கிடைக்காத இளம் ஆண்கள் தங்களுக்குள் ஒரு கூட்டமாகச் சேர்ந்துகொள்ளும். வயதுக்கு வந்ததும் கம்பிக்குப் பின்னால் போட்டு, வேறொரு குதிரையின் பிடரியைக் கூடத் தொட விடாமல் பத்துப் பதினைந்து வருடம் வைத்திருந்துவிட்டு, "பொலிக்குதிரைக்குக் குணம் சரியில்லை" என்று சொல்வது நம் ஆட்களின் வழக்கம். சுவிட்சர்லாந்தில் அவான்ஷ் தேசியக் குதிரைப் பண்ணையில் இதற்காகவே பக்கத்துப் பக்கத்து லாயங்களுக்கு நடுவே அகலமான இடைவெளிகள் வைத்துச் சோதித்தார்கள். இரண்டு பொலிக்குதிரைகள் அதன் வழியே தலையை நீட்டி ஒன்றையொன்று முகர்ந்து, கடித்து விளையாடி, சொறிந்துவிடலாம். பெரிய காயம் ஒன்றும் இல்லாமல் பழகின.

பெரியம்மா அதெல்லாம் படித்தவர் இல்லை. துரைக்குப் பக்கத்து மேய்ச்சல் துண்டில், காயடித்த ஒரு கிழட்டுக் குதிரையைக் கொண்டுவந்து விட்டார். மகனுக்குப் பயம், வேலி வழியாக உதைத்துக்கொண்டால் என்ன செய்வது என்று. முதல் நாள் நிறையக் கத்தல், கொஞ்சம் முன்னங்கால் வீச்சு. போகப் போக இரண்டும் வேலி மேல் கழுத்தை வைத்து ஒன்றின் தோளை ஒன்று பல்லால் சொறிந்துவிட ஆரம்பித்தன. போட்டிக்குப் போகும்போது கிழவனையும் வண்டியில் ஏற்றிப் போவோம். ட்ரெய்லரில் கிழவன் இருந்தால் துரை உலர்புல் தின்பான். இல்லாவிட்டால் வியர்த்துக்கொட்டுவான்.

இரண்டாவது கேள்வி: "காட்டுக் குதிரைக் கூட்டத்தில் மூத்த பெண்குதிரைதானே எல்லாவற்றையும் தீர்மானிக்கும், உங்கள் பெரியம்மா அப்படித்தானே?" கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் காட்டுக் கூட்டங்களைக் கவனித்து எழுதியவர்கள் அப்படிச் சொல்லவில்லை. தண்ணீருக்குப் போவதையோ இடம் மாறுவதையோ இன்றைக்கு ஒன்று தொடங்கும், நாளைக்கு வேறொன்று தொடங்கும். எப்போதும் ஒரே கிழவி தலைமை தாங்குவதில்லை. அந்த விஷயத்தில் குதிரைகள் எங்கள் பண்ணையை விட ஜனநாயகமானவை.

பிப்ரவரி 9

துரையை ஏன் காயடிக்காமல் விட்டார் என்று கேட்டிருந்தீர்கள். இதைத்தான் நான் எழுத நினைத்தேன், மற்றதெல்லாம் பேச்சுவாக்கில் வந்தது.

காரணம் அவன் அம்மா.

அவள் போட்டிக்கே போனதில்லை. குட்டியாக இருந்தபோது கம்பியில் மாட்டிக் குளம்புக்கு மேலே கிழித்துக்கொண்டவள். நடக்கலாம், மேயலாம், கடும் பயிற்சி தாங்காது. வேறொருவர் தள்ளிவிட நினைத்தபோது பெரியம்மா வாங்கிக்கொண்டார். அவளுக்குப் பிறந்தவை எல்லாமே நின்றன. நின்றன என்றால், கால் கெடாமல், தலை கெடாமல், சொன்னதைக் கேட்டு வயதான காலம் வரை வேலை செய்தன. பெரிய நட்சத்திரம் ஒன்றும் இல்லை, ஆனால் கழித்துக்கட்ட வேண்டியதும் ஒன்றுகூட இல்லை. பெரியம்மா அதைத்தான் பார்த்தார்.

கணக்கைப் பாருங்கள். பொலிக்குதிரைக்குச் செயற்கைக் கருவூட்டல் வழியாக ஒரே பருவத்தில் நூற்றுக்கணக்கில் குட்டிகள் வரலாம். அதில் பத்து நன்றாக வந்தால் பத்திரிகையில் படம் போடுவார்கள், மீதி எங்கே போயிற்று என்று யாரும் கேட்பதில்லை. பெண்குதிரை சுமார் பதினொரு மாதம் சுமந்து ஒன்று போடுவாள். கருவை எடுத்து வேறு பெண்குதிரைகளிடம் வைத்தால் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். அவளுடைய பட்டியலில் ஒளிந்துகொள்ள இடமில்லை. "தகப்பனைப் பற்றி விளம்பரம் சொல்லும், அம்மாவைப் பற்றி அவள் குட்டிகள் சொல்லும்" என்பார் பெரியம்மா. குதிரை வாங்க வருகிறவர்கள் தந்தை யார் என்று கேட்டதும் அவர் முகம் சுருங்கிவிடும்.

இனப் பதிவேடுகளில் பெயர் வைக்கும் முறையே அப்படித்தான். ஜெர்மானியப் பதிவேடுகள் பலவற்றில் குட்டியின் பெயர் தகப்பன் பெயரின் முதல் எழுத்தில் தொடங்கும். டோனர்ஹால் (1981–2002), அவன் மகன் டி நீரோ (1993–2018), அவன் மகன் டெஸ்பெராடோஸ். மூன்று தலைமுறையையும் எழுத்தை வைத்தே கண்டுபிடிக்கலாம். கிறிஸ்டினா ப்ரோரிங்-ஸ்ப்ரேஹே 2016 ரியோவில் வெண்கலம் வாங்கியது அந்த டெஸ்பெராடோஸில்தான். மூன்று பேருமே பொலிக்குதிரைகள், மூன்று பேரும் பெரிய களத்தில் நின்றவர்கள். இவர்களின் அம்மாக்கள் பெயரைத் தேடித்தான் எடுக்க வேண்டும். ட்ராகேனர் இனத்தில் இது தலைகீழ், அம்மாவின் எழுத்துதான். டலேராவின் தகப்பன் ஈஸி கேம், அம்மா டார்க் மேஜிக். லிப்பிசானர்களில் ஆணுக்கு இரட்டைப் பெயர், முதலில் தகப்பன் வழிப் பெயர், பின்னால் அம்மா பெயர். வியன்னாவின் ஸ்பானியச் சவாரிப் பள்ளியில் இறங்கும் ஒவ்வொரு பொலிக்குதிரையும் அம்மா பெயரோடுதான் இறங்குகிறது.

பெரியம்மாவின் நோட்டுப் புத்தகத்தில் குதிரைகள் அம்மா வாரியாகத்தான் இருந்தன. துரை அதில் தனிப் பக்கம் பெற்றவன் இல்லை. அம்மாவின் பக்கத்தில் ஐந்தாவது வரி.

பிப்ரவரி 10

"மைட்டோகாண்ட்ரியா அம்மாவிடமிருந்து மட்டும்தான் வரும், அதனால்தான் அம்மாவின் பங்கு அதிகம்" என்று எழுதியவருக்கு: மைட்டோகாண்ட்ரியா அங்கிருந்து வருவது சரி. ஆனால் உட்கருவின் மரபணு பாதிக்குப் பாதிதான், தகப்பனை அப்படி ஒரேயடியாகக் கழித்துவிட முடியாது. பெரியம்மாவைக் கேட்டால் அறிவியலுக்குப் போயிருக்க மாட்டார். முதல் ஆறு மாதம் குட்டி யார் பின்னால் ஓடுகிறது, யாரிடம் உதை வாங்குகிறது என்று கேட்டிருப்பார். துரையின் அம்மா கண்டிப்பான ஆள். பால் குடிக்கும்போது கடித்தால் பின்னங்காலைத் தூக்கிக் காட்டுவாள். துரையிடம் நான் பார்த்த மரியாதையில் பாதி அங்கே கற்றது.

பிப்ரவரி 14

டோட்டிலாஸ் பற்றி யாரோ கேட்டாயிற்று. பொலிக்குதிரை என்று பேச்சு எடுத்தால் அவனுக்கு வராமல் முடியாது.

2000இல் நெதர்லாந்தில் பிறந்த கறுப்பன். தகப்பன் கிரிபால்டோ. எட்வர்ட் கால் அவனில் 2009 டிசம்பரில் லண்டன் ஒலிம்பியா அரங்கில் இசையோடு ஆடும் பிரிவில் 92.30 சதவீதம் வாங்கினார். அதுவரை யாரும் பார்க்காத எண். 2010 கென்டக்கி உலகப் போட்டியில் மூன்று தங்கம். அந்த வருடமே ஜெர்மனிக்கு விற்றுவிட்டார்கள். புது வீரர், புது முறை, காயங்கள். பழைய டோட்டிலாஸ் அதற்கப்புறம் வரவே இல்லை. 2020 டிசம்பரில் கோலிக் என்னும் கடும் வயிற்று வலி வந்து இறந்தான்.

பெரியம்மா அந்த 2009 ஓட்டத்தைப் பேத்தியின் கணினியில் பார்த்தார். நான் பின்னால் நின்றேன். அடியை நீட்டி வைத்து ஓடும் ட்ராட்டில் முன்னங்கால் காற்றில் நின்றபோது பேத்தி கத்தினாள். பெரியம்மா திரையில் விரலை வைத்து, "பின்னங்கால் எங்கே?" என்றார். டோட்டிலாஸைப் பற்றி உலகம் முழுக்க நடந்த சண்டையும் அதுதான், முன்னங்கால் எழும்பும் அளவுக்குப் பின்னங்கால் உள்ளே வருகிறதா என்று. ஆனால் பியாஃபிலிருந்து பசாஜுக்கு, அதாவது கால்களை உயர்த்தி மிதப்பதுபோல் முன்னேறும் ட்ராட்டுக்கு, மாறும் இடம் வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டார். அந்தத் துண்டை மட்டும் திரும்ப ஓட்டச் சொன்னார். இன்னொரு தடவையும்.

2013இல் வலேக்ரோ அதே அரங்கில் 93.975 எடுத்து அந்த எண்ணைத் தாண்டினான், 2014இல் 94.300 எடுத்தான். காயடித்தவன், ஞாபகம் இருக்கட்டும்.

பிப்ரவரி 15

இல்லை, பெரியம்மா துரையைக் கொஞ்சி நான் பார்த்ததில்லை. கேட்டீர்கள் என்பதால் சொல்கிறேன். சர்க்கரைக் கட்டி கொடுத்ததில்லை, முத்தம் கொடுத்ததில்லை. பேத்தி இரண்டையும் செய்வாள். பெரியம்மா அவன் கழுத்தை இரண்டு தடவை தட்டுவார், அதுவும் நன்றாக வேலை செய்த நாளில்.

பிப்ரவரி 20

கடைசி இரவைப் பற்றி எழுதுகிறேன். கோலிக் பார்த்துப் பயந்தவர்கள் தாண்டிப் போய்விடுங்கள்.

துரைக்கு அப்போது இருபதைத் தாண்டிச் சில வருடம். சவாரி நின்றுபோய் வெகு நாள். பற்கள் தேய்ந்து, உலர்புல்லை உருண்டையாக மென்று துப்ப ஆரம்பித்திருந்தான். ஊறவைத்த தீவனம்தான். குளிர் விட்டும் உடம்பு ரோமம் உதிராமல் சடையாக நின்றது, வயதான குதிரைகளுக்கு வரும் பிட்யூட்டரிக் கோளாறு, அதற்கு மாத்திரை. ஆனாலும் கொக்கிச் சத்தத்துக்குக் கனைப்பதை நிறுத்தவில்லை.

அன்று ராத்திரி பெரியம்மா வந்து வழக்கம்போல "எத்தனை?" என்றார். மதியத்துக்கு மேல் ஒன்றுமில்லை என்றேன். அவர் கால்களைத் தொடக்கூட இல்லை, நேராக அவனிடம் போனார். திரும்பித் தன் விலாவைப் பார்த்துக்கொண்டு நின்றான். மேல் உதட்டைச் சுருட்டினான். படுக்கப் போகிறவன்போல முழங்காலை மடக்கி, மறுபடி எழுந்தான். முழங்கைக்குப் பின்னால் ஸ்டெதஸ்கோப்பை வைத்து எண்ணினேன். ஓய்வில் நாற்பதுக்கு மேல் போகக் கூடாத இதயத் துடிப்பு எழுபதைத் தொட்டுக்கொண்டிருந்தது. வயிற்றில் காதை வைத்தால் சத்தமே இல்லை.

மருத்துவர் வந்தார். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, வயிறு நிரம்பினால் வெடிப்புதான். அதனால் முதலில் மூக்கு வழியாகக் குழாய் போட்டு வெளியே எடுத்தார். நிறைய வந்தது. உள்ளே கைவிட்டுப் பார்த்தார். சிறுகுடல் காற்றடைத்து வீங்கிக் கிடந்தது. வயதான குதிரைகளில் குடலைத் தாங்கும் சவ்வில் கொழுப்புக் கட்டி ஒன்று காம்போடு வளரும். சில நேரம் அந்தக் காம்பு குடலைச் சுற்றி இறுக்கிவிடும். அதுவாகத்தான் இருக்கும் என்றார். அறுவை செய்தால்தான் வழி. அதற்கு ட்ரெய்லரில் ஏற்றி நெடுந்தூரம் போக வேண்டும்.

பெரியம்மா கேட்டது இரண்டே கேள்வி. இப்போது போட்ட ஊசி எவ்வளவு நேரம் வலியைத் தாங்கும்? அந்தப் பயணத்தில் அவன் நின்றுகொண்டு போவானா? இரண்டாவதற்கு மருத்துவர் உடனே பதில் சொல்லவில்லை. பெரியம்மாவுக்கு அதுவே போதும்.

மகன் அழைத்துப் பேசலாம், இன்னொருவரைக் கேட்கலாம் என்றார். மருமகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். நான் ஹால்டரை, அன்றாடம் போடும் தலைக்கயிற்றை, எடுக்கப் போனேன். பெரியம்மா தடியால் சுவரைக் காட்டினார். தோல் தலைக்கட்டு. சங்கிலியைக் கழற்றிவிட்டு எடுத்து வந்தேன். கொக்கி சத்தம் போட்டதும் துரை தலையைத் தூக்கினான். கனைக்கவில்லை, காது மட்டும் முன்னால் வந்தது. அதைப் போட்டுத்தான் வெளியே நடத்திப் போனோம்.

முடிந்த பிறகு கிழட்டுக் குதிரையைக் கொண்டுவரச் சொன்னார். பார்க்காவிட்டால் நாட்கணக்கில் வேலியோரம் நின்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கும் என்று. கிழவன் முகர்ந்தான், மூக்கால் தோளை ஒரு முறை தள்ளினான், அப்புறம் பத்தடி தள்ளிப் போய்ப் புல்லைத் தின்ன ஆரம்பித்தான். பேத்திக்கு அதில் ரொம்பக் கோபம்.

பிப்ரவரி 21

தனிச்செய்தி அனுப்பியவர்களுக்கு நன்றி. கிழவன் மறுநாள் கூப்பிடவில்லை. மூன்றாம் நாள் கூப்பிட்டான். பெரியம்மாவின் திட்டம் அந்த அளவுக்குத்தான் பலித்தது.

மார்ச் 1

பெரியம்மா அடுத்த வருடம் போனார். அது நோய், அதை விவரிக்க மாட்டேன். படுக்கையில் விழும் வரை சுற்று வருவதை நிறுத்தவில்லை. கடைசிக் காலத்தில் பேத்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். துரையின் லாயத்தில் ஓர் இளம் பெண்குதிரையைக் கட்டியிருந்தோம். அங்கே வந்ததும் அவர் கை தானாக முன் இடது காலுக்குத்தான் முதலில் போகும்.

மகன் எனக்குச் சம்பளம் கொடுத்தவர், ஆனால் வேலை செய்யக் கற்றுக்கொடுத்தது இவர்தான். நல்லவர் என்று சொல்வதா? கடினமானவர். பாராட்டு என்று ஒன்று வாயிலிருந்து வராது. கூட வேலை பார்த்த பையன் ஒருவன் அழுதுகொண்டே போய்விட்டான். நானும் போயிருக்க வேண்டியவன்தான். துரை இருந்தான், அதனால் நின்றேன். பிறகு பெரியம்மாவுக்காக நின்றேன். எப்போது அது மாறியது என்று எனக்கே தெரியாது.

தீவன அறைக்குப் பக்கத்தில் ஒரு சிறு அறையில் திரவ நைட்ரஜன் கொள்கலன் இருந்தது. மைனஸ் 196 டிகிரியில் துரையின் விந்து, அரை மில்லிக் குழல்களில். வாரம் ஒரு முறை அதில் மர அளவுகோலை விட்டு, வெளியே எடுத்து அசைத்து, பனி பூத்த கோடு எங்கே நிற்கிறது என்று பார்த்து எழுதி வைக்க வேண்டும். நைட்ரஜன் ஆவியாகிக்கொண்டே இருக்கும், கவனிக்காமல் விட்டால் எல்லாம் ஒரே இரவில் பாழ். அவர் உடம்பு முடியாமல் கிடந்தபோதும் அந்த எண்ணைச் சொல்லாமல் நான் அறைக்குள் போக முடியாது.

அவர் போன பிறகு வீட்டில் சண்டை வந்தது அதை வைத்துத்தான். மகன் மொத்தமாக விற்றுவிடலாம் என்றார். கேட்க ஆள் இருந்தது, பண்ணைக்குப் பணமும் தேவைப்பட்டது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். பேத்தி ஒன்றைக்கூடக் கொடுக்க மாட்டேன், நம் குதிரைகளுக்கே வைத்துக்கொள்ளலாம் என்றாள். நோட்டுப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தார்கள். துரையின் அம்மா பக்கத்தின் அடியில் பெரியம்மா எழுதி வைத்திருந்தார்: நம் வீட்டுப் பெட்டைகளுக்கு வேண்டாம். காரணம் எளிது, பண்ணையில் மிஞ்சியிருந்த பெண்குதிரைகள் பெரும்பாலும் அந்த அம்மாவின் வழி. சொந்தத்துக்குள் சொந்தம். வெளியே கொடுங்கள், ஆனால் பெட்டையின் அம்மாவைப் பார்த்த பிறகு கொடுங்கள்.

இரண்டு பேருமே தோற்றார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது, அங்கே சிரிக்க முடியவில்லை.

மார்ச் 4

முதல் கேள்வி கேட்டவர், "இவ்வளவு எழுதினீர்களே, என் குட்டியை என்ன செய்ய?" என்று கேட்டிருக்கிறார். நியாயம்தான்.

காயடித்துவிடுங்கள்.

நடை நன்றாக இருக்கிறது என்பது போதாது. இனப் பதிவேட்டுத் தேர்வுக்குக் கொண்டுபோனால் கெட்டித் தரையில் நடத்திப் பார்ப்பார்கள், கயிறில்லாமல் ஓட விடுவார்கள், எக்ஸ்ரே கேட்பார்கள். அதைத் தாண்டிப் பிறகு திறன் சோதனை. பெரும்பாலான ஆண்குட்டிகள் தாண்டுவதில்லை, தாண்டாதது வெட்கமும் இல்லை. உங்கள் கேள்வியில் நடையைச் சொன்னீர்கள், பார்க்கிறவர்கள் சொன்னதைச் சொன்னீர்கள். அவன் அம்மாவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அவளுக்கு இதற்கு முன் பிறந்தவை எங்கே, வேலை செய்கின்றனவா, கால் நிற்கிறதா? அது தெரியாத வரை பொலிக்கு விடும் பேச்சே வேண்டாம். காயடித்தால் மற்ற குதிரைகளோடு மேயலாம், ட்ரெய்லரில் நிம்மதியாகப் போகலாம், உங்களைத் தவிர வேறு ஆளும் அவனைக் கையாளலாம். வலேக்ரோவுக்கு ஒரு குறையும் வரவில்லை.

துரையை வைத்துக்கொண்டு இப்படிச் சொல்கிறேனே என்று கேட்காதீர்கள். அதே பண்ணையில் பிறந்த மற்ற ஆண்குட்டிகள் அத்தனைக்கும் பெரியம்மா காயடித்தார். துரையின் மகன்களுக்கும்தான்.

மார்ச் 5

"கொடூரம்" என்று எழுதியவருக்கு: மயக்க மருந்து கொடுத்து மருத்துவர் செய்வது. சில நாள் வீக்கம், தினமும் நடத்த வேண்டும். கம்பிக்குப் பின்னால் தனியாக இருபது வருடம் நிற்பதோடு ஒப்பிட்டுவிட்டு எழுதுங்கள்.

மார்ச் 11

கடைசியாக ஒரு அறிவிப்பு, பிறகு இந்தப் பக்கம் வர மாட்டேன், குட்டி பிறக்கும் பருவம் தொடங்கிவிட்டது.

துரையின் குழல் கிடைக்குமா என்று தனிச்செய்தி அனுப்புவதை நிறுத்துங்கள். என்னிடம் ஒன்றும் இல்லை, பண்ணை எது என்றும் சொல்ல மாட்டேன். ஆனால் பேத்தியிடம் சொன்னேன். இப்போது பண்ணையைப் பார்ப்பது அவள்தான், அப்பாவும் மகளும் சமாதானமாகிவிட்டார்கள். உண்மையாகவே வேண்டும் என்பவர்கள் என் வழியாக எழுதலாம் என்றாள். வேண்டியவை: உங்கள் பெண்குதிரையின் அம்மாவுடைய படம், சேணம் இல்லாமல், நான்கு காலும் தெரிய, முன்னாலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. அவள் பெற்ற குட்டிகள் எல்லாவற்றின் பட்டியல், தோற்றவற்றையும் சேர்த்து. உறைந்த விந்து சினைமுட்டை வெளிவந்து சில மணி நேரத்துக்குள் போட வேண்டியது, அதற்கு ராத்திரி பகல் பார்க்காமல் ஸ்கேன் எடுக்கும் மருத்துவர் இருக்கிறாரா என்பதையும் எழுதுங்கள்.

உங்கள் பெண்குதிரையின் படம் வேண்டாமாம். அதைப் பிறகு கேட்பாளாம்.